படைப்பு வரை பொறுக்கப் போவதில்லை

அப்பச்சி,

முப்பத்து நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. பெற்ற அப்பாதான் என்றாலும் உங்கள் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இப்போதும் பேச்சாக வரவில்லை, எழுத்தாகத்தான் வருகிறது.

போன வாரம் டெல்லியிலிருந்து விரைவுத் தபாலில் ஓர் உறை வந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, உறையின் வாயில் பசை ஓடிய இடத்தில் மெதுவாகத் தடவினேன். கொஞ்சம் ஊறவிட்டு ஒரு ஓரத்தைத் தூக்கினேன். கிழியாமல் வந்தது. ஈரப் பசையின் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. உறையின் மேல் என் மகளின் பெயர் இருந்தது.

அந்த வாசனை உங்களுடையது. பள்ளத்தூர் வீட்டுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் நீங்கள் கிழித்ததில்லை. "திரும்ப ஒட்டுற மாதிரித் திறக்கணும்" என்பீர்கள். யார் பெயருக்கு வந்தாலும் திறப்பது நீங்கள்தான். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, இருப்பவர்களில் மூத்தவர் நீங்கள். முற்றத்து ஓரம் நாற்காலியைப் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டு, சத்தமாக வாசிப்பீர்கள். என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு அவர் தங்கை பினாங்கிலிருந்து எழுதிய கடிதத்தை, அதில் இருந்த பெண்களின் நோவு வரைக்கும், அப்படித்தான் வாசித்தீர்கள். "அது எனக்கு எழுதுனதாச்சே" என்று ஆத்தா ஒரே ஒரு தடவை சொன்னார். நீங்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தீர்கள். "வீட்டுக்கு வந்தது வீட்டுக்குச் சொந்தம்." அதற்குப் பிறகு ஆத்தா கேட்டதில்லை.

எனக்கு இருபத்தொரு வயதில் டெல்லியிலிருந்து வந்த கடிதத்தையும் நீங்கள் அப்படித்தான் திறந்தீர்கள். சர்வதேச உறவுகள் பட்டமேற்படிப்புக்கு நான் எழுதிய தேர்வில் தேறியிருந்தேன். நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. நீங்கள் முழுக் கடிதத்தையும் வாசித்தீர்கள், கீழே இருந்த துறைத் தலைவரின் பட்டங்களைக்கூட விடாமல். வாசித்து முடித்து மடித்து உறைக்குள் போட்டீர்கள். "படைப்புக்கு ஒம்பது நாளு கெடக்கு. எல்லாரும் வரட்டும். வச்சுப் பேசுவோம்."

முன்னோருக்குப் படைக்கும் நாளில் வேட்டியும் சேலையும் வைத்துக் கும்பிட்டு, சாப்பிட்டு, பங்காளிகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக் காரியம் பேசுவது வழக்கம். ஓடு மாற்றுவது, கிணறு தூர் வாருவது, இனி யாரிடம் சாவி இருப்பது. அந்த வரிசையில் ஓட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் என் நேர்காணலையும் எடுத்தீர்கள்.

பெரியவனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பாவின் மகன். எனக்கு எட்டு மாதம் மூத்தவன். முறைப்படி இரண்டு பேருக்கும் உங்கள் அப்பா, எங்கள் ஐயாவின் பெயரைத்தான் வைத்தீர்கள். அதனால் வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். சித்தப்பா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு சட்டை எடுத்த பிறகுதான் எனக்கு ஒரு சட்டை. தகப்பன் இல்லாத பிள்ளையை ஒதுக்கினார் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது உங்களுக்கு. அந்தச் சொல் வரவே இல்லை. அதற்கான விலையை நீங்கள் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

கூடத்தில் நீங்கள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒரு வீட்ல இருந்து ஒருத்தன் டெல்லிக்குப் போறதுன்னா மூத்தவன் போறதுதான் மொறை. கடுதாசியில இருக்க பேரும் அவன் பேருதான். காலேஜுக்கு எழுதிக் கேப்போம், மூத்தவனுக்கு மாத்திக் குடுங்கன்னு." ஒருவரும் சிரிக்கவில்லை, அப்பச்சி. இருபது பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் வக்கீல்கள். கோயில் முறையை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதைப் போல, வீட்டில் ஒரு அறையை மாற்றிக்கொள்வதைப் போல, நான் எழுதிய பரீட்சையை மாற்றித் தரலாம் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். "நல்ல ரோசனைதான்" என்றார் ஒருவர்.

பெரியவன் மாடிப்படியில் என்னைப் பிடித்தான். "எனக்கு எதுக்குடா டெல்லி? அந்தக் குளிருல எவன் போறது? பெரியப்பாட்ட சொல்லிப்புட்டேன், கேக்க மாட்டேங்குறாக." கூடத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். படிக்கட்டில்தான் சொன்னான். அவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்தப் பன்னிரண்டு படிகளின் அளவுதான். ஆனால் அது ஆறவில்லை.

பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "நீதான் இங்கிலீசு நல்லா எழுதுவே. உக்காரு."

நான் உட்கார்ந்தேன். நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த வீட்டில் இதே பெயரில் எட்டு மாதம் மூத்த பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனும் நன்னடத்தை உள்ளவன். முறைப்படி அவனுக்கு முதலில் இடம் தந்து உதவ வேண்டும். ஒரு இடத்தில் பேனா நின்றது. "என்ன, ஸ்பெல்லிங் வரலையா?" என்று கேட்டீர்கள். வந்தது. எழுதினேன். கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் தாளைத் தபாலில் சேர்த்ததும் நான்தான். டெல்லிக்கு ரயில் இரண்டு ராத்திரி ஓடும் என்பதும், நேர்காணலுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, பதில் வருவதற்குள் தேதி போய்விடும் என்பதும் தெரிந்தே சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கு வரி. தேர்வு எழுதியவர் மட்டுமே வரலாம், இடத்தை மற்றொருவருக்கு மாற்ற விதி இல்லை, தேதியும் முடிந்துவிட்டது. நீங்கள் அதையும் ஈர விரலால் திறந்து, சத்தமாக வாசித்து, "ஒருத்தருக்கும் இல்லாமப் போச்சு. பொறாமைக்கு எடமில்ல" என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

நான் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன், பிறகு இன்னொன்று. வெளியுறவு பற்றிய புத்தகங்களை வாங்கி அடுக்கினேன். முப்பது வருடமாக மற்றவர்களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பதிவு செய்கிறேன். அலுவலகத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

மகள் பிறந்தபோது முறைப்படி ஆத்தாவின் பெயரை வைக்கச் சொன்னீர்கள். நான் கயல் என்று வைத்தேன். "அப்புடி ஒரு ஆளு நம்ம வீட்லயே இல்லையே" என்றீர்கள். "அதுக்காகத்தான்" என்றேன். உங்களை எதிர்த்து நான் சொன்ன ஒரே வார்த்தை அது. பெயர் வைத்த அன்று நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள்.

இனி கயலைப் பற்றி. அவளை உங்களுக்குப் பத்தாம் வகுப்பு வரைதான் தெரியும்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஜமீலா என்று ஒரு பெண் இருக்கிறார். அவர் கணவர் வளைகுடாவில் வெல்டர். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். சம்பளமும் இல்லை, திரும்பவும் வழியில்லை. ஜமீலா கயலிடம் வந்து, "இங்கிலீசுல ஒரு மனு எழுதித் தாறியாம்மா" என்று கேட்டார். கயல் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு மனு பதினோரு மாதத்து மனுக்களாயிற்று. தூதரகத்துக்கு, டெல்லி அமைச்சகத்துக்கு, சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு. ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் கேட்கச் சொன்னார்கள். ஒரு நாள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் மரியாதையாத்தான்ப்பா பதில் எழுதுறாக. முடிவு யாரு கையில இருக்குன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை."

கடைசியில் ஜமீலாவின் கணவர் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். ஜமீலா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பாக வட்டலப்பம் செய்து கொண்டுவந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். கயல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "அடுத்த ஆளு மாட்டினா மறுபடி முதல்ல இருந்தா எழுதணும்?"

பொதுக் கொள்கையும் சர்வதேச உறவும் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டது அதற்குப் பிறகுதான். என் அலமாரியைப் பார்த்து வந்த ஆசை என்று நினைத்தேன். என் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் முழுதாக வாசித்ததில்லை. "அதெல்லாம் ராசாமாரு சண்டைப்பா" என்பாள்.

மூன்று கல்லூரிகள் கையில் இருந்தன. சென்னையில் ஒன்று. கண்ணாடிக் கட்டடம், வாசலில் நாற்பது நாட்டுக் கொடி. ஒரு பெண் கையில் டேப்லட்டோடு எங்களைச் சுற்றிக் காட்டினார். மாணவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உலக நாடுகளின் சபையை நடித்துக் காட்டும் புகைப்படங்கள் சுவர் முழுக்க.

"புள்ளியியல் யாரு எடுக்குறாங்க?" என்று கேட்டாள் கயல்.

"எல்லாரும் எக்ஸ்பீரியன்ஸ்டு ஃபேகல்டிமா. வெப்சைட்ல இருக்கும்."

"பாத்துட்டேன். போட்டோ மட்டும் இருக்கு. பேரு இல்லை."

சிரிப்பை அடக்க நான் கொடிக்கம்பங்களின் பக்கம் போய்விட்டேன்.

பெங்களூருப் பக்கம் ஒன்று. அங்கே வேலைக்குப் போனவர்களின் பட்டியலை முதல் பக்கத்திலேயே கொடுத்தார்கள். கொள்கை படித்தவர்களில் பாதிப் பேர் விளம்பரக் கம்பெனியில் இருந்தார்கள். முதல் இரண்டு வருடம் பொருளாதாரம் கிடையாது. டெல்லியில் இருப்பது பழைய கட்டடம். அதன் இணையதளம் எங்கள் பதிவு அலுவலகத்து அறிவிப்புப் பலகையைப் போல இருக்கிறது. அங்கே படிக்கும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தியின் எண்ணைக் கயல் எங்கிருந்தோ பிடித்துப் பேசினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தண்ணி உப்பாக் கெடக்கும். சாப்பாடு சுமார்தான். ஆனா ஆசிரியருங்க ரூம் கதவு தொறந்தே இருக்கும், உள்ள போய்ச் சண்ட போடலாம். ரெண்டாம் வருசம் ஏதாவது ஒரு மாவட்ட ஆபீஸ்ல கொண்டு போய் ஒரு மாசம் விட்டுருவாவ. யாரும் ஒண்ணும் சொல்லித் தரமாட்டாவ. நீயா சுத்திச் சுத்தித் தெரிஞ்சுக்கிடணும். அப்புறம் பக்கத்து நாட்டுப் பாசை ஒண்ணு கட்டாயம்."

"என்னென்ன பாசை?"

"நேபாளி, சிங்களம், பர்மிய பாசை."

கயல் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பர்மிய மொழி.

அப்பச்சி, ஐயா ரங்கூனிலிருந்து ஒரு பையோடு நடந்து வந்த கதையை நீங்கள் நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுத் தூண்கள் எல்லாம் அந்த நாட்டுத் தேக்கு. ஐயாவுக்குப் பர்மிய மொழி பேச வரும், வாசிக்க வராது. அரசாங்கத்துத் தாள் வந்தபோதெல்லாம் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னதாக நீங்களே சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். அந்தத் தாளில் என்ன இருந்தது, எந்தச் சட்டம், அதை யார் எந்த அறையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று இந்த வீட்டில் ஒருவராவது கேட்டதுண்டா? மூன்று தலைமுறை அந்த நாட்டை நம்பிப் பிழைத்தோம். வெளிநாடுகளைப் பற்றிப் படிக்க இந்த வீட்டில் ஒரே ஒருவன் புறப்பட்டான். அவனை நேர்காணலுக்கு அனுப்பாமல், எட்டு மாதம் மூத்தவன் யார் என்று பார்த்தீர்கள்.

இவ்வளவு கோபம் உள்ளவன் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அந்த உறைக்குள் பெற்றோர் சம்மதப் படிவம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டு, அடுத்த வாரத்துக்குள் அது டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். நான் அதை வாசித்தேன், உறையில் போட்டேன், பசை தடவி ஒட்டி என் அலுவலகப் பைக்குள் வைத்தேன். கயலிடம் சொல்லவில்லை. ஏன் என்று என்னால் இப்போதும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவள் போவது பிடிக்காமல் இல்லை. நான் போகாத இடத்துக்கு அவள் இத்தனை சுலபமாகப் போகிறாள் என்பதில் எனக்குப் பொறாமை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாம் நாள் பெரியவன் போன் செய்தான். கோயம்புத்தூரில் இருக்கிறான். இப்போது வீட்டுக்கு மூத்தவன் அவன். பெரிய சாவி அவனிடம்.

"சின்னவனே, கயலு டெல்லிக்குப் போகுதாமே?"

"இன்னும் முடிவாகலை."

"ஆகலைன்னா நல்லதாப் போச்சு. அதென்னடா படிப்பு, பாலிசி? இன்சூரன்சு பாலிசியா?" அவனே சிரித்தான். "பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் விடுறதுன்னா நாலு பேரைக் கேக்கணும்ல. படைப்புக்கு மூணு வாரந்தான் கெடக்கு. எல்லாரும் வாராக. வச்சுப் பேசுவோம்."

நான் "சரி" என்றேன். ஐம்பத்தைந்து வயதில், உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அதே குரலில், சரி என்றேன். படைப்பு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும் என்பது தெரிந்தே.

நான்காம் நாள் காலை கயல் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, டெல்லிக் கவர் வந்துச்சா?"

"இன்னும் வரலையே."

"டிராக்கிங்ல திங்கக்கெழமையே டெலிவர்டுன்னு காட்டுது. வாங்குனது யாருன்னும் போட்டுருக்கு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் உறையின் வாயில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். "தண்ணி தொட்டுப் பிரிச்சீகளா?" என்றாள். சத்தம் போடவில்லை. "எம் பேருக்கு வந்ததுப்பா. படிச்சதுகூடப் பரவாயில்ல. வரலைன்னு ஏன் சொன்னீக?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் நாற்காலி, ஓட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் என் நேர்காணல், நான்கு வரிப் பதில். நியாயம் என் பக்கம் இருப்பதால் அவள் உருகுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த லெட்டரை நீங்க ஏன் எழுதிக் குடுத்தீக?"

முப்பத்து நான்கு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நீங்கள் சொன்னது உங்கள் குற்றம், சரி. எழுதின கை யாருடையது? வராது என்று பேனாவை வைத்திருக்கலாம். தபால் பெட்டி வரை போய்த் திரும்பியிருக்கலாம். ரயிலேறியே போயிருக்கலாம். நான் உங்களை விடப் போவதில்லை, அப்பச்சி. ஆனால் இனி உங்கள் பக்கத்தில் என்னையும் நிறுத்தித்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

நீங்கள் படுக்கையில் இருந்த கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "டெல்லிக்குப் போயிருந்தா என்ன ஆயிருப்பே?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். மறந்திருப்பீர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது பதில் சொல்கிறேன். தெரியாது. ஒருவேளை அங்கும் தோற்று, இதே சிடுமூஞ்சியோடு திரும்பியிருப்பேன். அது நானாகத் தோற்றதாக இருந்திருக்கும். கயலுக்கு உப்புத் தண்ணீரும் சுமாரான சாப்பாடும் பிடிக்காமல் போகலாம். அவளும் தோற்கலாம். அவள் தோற்றால் அது அவளுடையது. கூடம் அதில் தலையிடாது.

சம்மதப் படிவத்தில் அவள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். உறையில் வைத்து அவளே ஒட்டினாள், அவளே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று நேற்று போனில் காட்டினாள். பெரியவனைக் கூப்பிட்டு, படைப்புக்கு நாங்கள் வரவில்லை, அன்றைக்கு டெல்லி ரயிலில் இருப்போம் என்றேன். "என்னடா புதுசாப் பேசுறே? மூத்தவன்னு ஒருத்தன் இருக்கேன்ல?" என்றான். "எட்டு மாசம்தானேடா" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கு, பள்ளத்தூர் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். படைப்புக்கு இரண்டு நாள் முன்னால் பெரியவன் வந்து பூட்டைத் திறப்பான். கதவடியில் கிடக்கும் தபாலை எடுப்பான். அவனுக்கு ஈர விரல் கிடையாது, கிழிப்பான். வீட்டுக்கு வந்தது வீட்டுக்குச் சொந்தம் என்பதால், எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கூடத்தில் சத்தமாக வாசிப்பான். பாதியில் நிறுத்தாதே பெரியவனே, படிக்கட்டில் நீ சொன்னதையும் சேர்த்து வாசி. மூன்று வருடமாகப் படைக்கிற வேட்டியில் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது, அப்பச்சி. ஆகவே நீங்களும் கேட்பீர்கள்.

அன்றைக்கு நான் எழுதிய கடிதத்தின் கீழே உங்கள் கையெழுத்து இருந்தது. இதன் கீழே ஐயாவின் பெயரைப் போட்டால், இரண்டு பேரில் யார் என்று கூடம் விசாரிக்க ஆரம்பித்துவிடும். என் கையெழுத்து உண்மையில் தேவைப்பட்டது கயலின் சம்மதப் படிவத்தில்தான். அங்கே போட்டாகிவிட்டது. இதில் போடாமல்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன். எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.